ஜாடியில் நாலு விரல்

ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நின்ற மாசி மாதத்தில், லாபு என்ற சின்ன ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், தாயம்மாவின் தக்காளி மொத்தமும் ஒரே நேரத்தில் பழுத்துத் தொலைத்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழுத்திருந்தால் தொல்லையே இல்லை. இருபத்திரண்டு செடியும் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே வாரத்தில் சிவந்தன. தோட்டமே மரவள்ளிக் கிழங்கைத் தின்று வெளிறிக் கிடக்கும்போது ஒருத்தியின் சரிவு மட்டும் அப்படிச் சிவந்தால் யாருக்குப் பொறுக்கும்? சோற்றுக்குத்தான் பஞ்சமே ஒழிய, தோட்டக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த அந்த லயத்தில் கண்ணுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

ஜப்பான்காரன் வந்து இரண்டு வருஷம் முடிந்திருந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிய வாரத்தில், பங்களாத் தோட்டத்தில் அழுகிக் கிடந்த தக்காளியைப் பொறுக்கி, விதையைச் சாம்பலில் பிசைந்து முடிந்து வைத்தவள் தாயம்மா. மற்றவர்கள் அன்றைக்கு நாற்காலி, திரைச்சீலை, நிலைக்கண்ணாடி என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாற்காலியைத் தின்ன முடியாது என்பது அவர்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது. பால் வெட்டுவது வாரத்துக்கு இரண்டு நாள் என்று சுருங்கி, ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகைக்கூண்டு சும்மா கிடந்தபோது, அதற்குப் பின்னால் இருந்த சரிவைக் கொத்தி, ரப்பர் பால் பிடிக்கிற மங்குகளில் நாற்றுப் போட்டு நட்டாள். முதல் வருஷம் அத்தனையும் வாடிச் செத்தது. இரண்டாம் வருஷம் பிடித்துக்கொண்டது.

முதல் பழத்தை அவள் செடிக்குப் பக்கத்தில் நின்றபடியே கடித்தாள். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. அதையும் நக்கினாள். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தாள். அன்று மத்தியானம் நாலு பழத்தைப் பிசைந்து, காந்தாரி மிளகாய் கிள்ளிப்போட்டு, ஒரு கல் உப்போடு கொதிக்கவிட்டாள். அதில் மரவள்ளிக் கிழங்கைத் தொட்டுத் தின்றபோது, இந்தக் கிழங்கையா இரண்டு வருஷம் சபித்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அவ்வளவு ருசி. தின்னும்போதே கண் கலங்கியது. அர்ச்சுனன் இருந்திருந்தால் சட்டியையே தூக்கிக் குடித்திருப்பான். புளிப்பு என்றால் அவனுக்கு உயிர்.

அர்ச்சுனன் அவள் புருஷன். பத்து மாதத்துக்கு முன்னால் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களிடமிருந்து கடுதாசியும் கிடையாது, ஆளும் கிடையாது.

அவன் போனதிலிருந்து தாயம்மாவும் அவள் நாத்தனார் செல்லமும் பேசுவதில்லை. அர்ச்சுனனின் அக்கா செல்லம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தாலி அறுத்தவள். தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் ஆயா வேலை. லயத்தில் ஒரே அறை. நடுவில் ஒரு கோணிச் சாக்கு தொங்கியது. சாக்குக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. ஆள் பிடிக்க வந்த அன்று அர்ச்சுனன் புகைக்கூண்டில் விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் நல்லசாமி விசாரித்தபோது தாயம்மாவின் கண் புகைக்கூண்டுப் பக்கம் போய்விட்டது, அதனால்தான் மாட்டினான் என்பது செல்லத்தின் கட்சி. பட்டப்பகலில் தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு புகைக்கூண்டுக்குப் போய்க் காட்டிக்கொடுத்தவளே நீதான் என்பது தாயம்மாவின் கட்சி. இரண்டிலும் உண்மை இருந்திருக்கும். ஆனால் பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுச் சண்டை போடுவதில் அந்தக் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பேச வேண்டியதை இரண்டு பேரும் சுவரிடம் பேசினார்கள்.

"சிலபேருக்குப் பழுத்துக் கொட்டுது. பக்கத்துல ஒரு மனுஷி கெடக்கான்னு ஒரு நெனப்பு இருக்கா?" என்று சுவரிடம் சொல்வாள் செல்லம்.

"அடுப்பு மேலே சட்டியில இருக்கு. திங்கிறதுக்கு மாத்திரம் வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணும்" என்று தாயம்மா அதே சுவருக்குப் பதில் சொல்வாள்.

பழம் மூன்று நாளுக்கு மேல் தாங்கவில்லை. மண்டோர் நல்லசாமி வீட்டுக்கு ஒரு கூடை போயிற்று. கொடுக்காவிட்டால் நடக்குமா? லயத்தில் அவர் பெண்டாட்டி வள்ளிநாயகி வைத்ததுதான் சட்டம். மீதியை உப்பில் போட்டு வைத்துவிட வேண்டும் என்று தாயம்மா முடிவு செய்தாள். ஆனால் உப்புக்கு எங்கே போவது? தீபாவளிக்கு அர்ச்சுனன் எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையை லாபு கடைத்தெருவில் குலாம் முகம்மது கடைக்கு எடுத்துக்கொண்டு போய், போர்ட்டிக்சன் கடல் தண்ணீரைக் காய்ச்சி எடுத்த உப்பு ஒரு தகரம் வாங்கி வந்தாள். சாம்பல் நிறத்தில், மணலும் கலந்துதான் இருந்தது. குலாம் முகம்மது அதற்கே பத்து தடவை உதட்டைப் பிதுக்கினார்.

ஊறுகாய் போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. பழத்தை நாலாகக் கீறி, உப்போடு சீனன் கடை ஜாடியில் போட்டுக் குலுக்கி, மூன்று நாள் ஊறவிட்டாள். நாலாம் நாளிலிருந்து துண்டுகளைப் பிழிந்து எடுத்துப் புகைக்கூண்டின் தகரக் கூரைமேல் பரப்பினாள். பகலில் கூரை கால் வைக்க முடியாமல் கொதித்தது. பொழுது சாய்ந்ததும் துண்டுகளை எடுத்து மறுபடியும் அதே உப்புத் தண்ணீரில் போட வேண்டும். ஜாடியில் தண்ணீர் வற்றுகிற வரைக்கும் இப்படியே. நடுவில் மழை வந்தால் முடிந்தது கதை. இருட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் மரவள்ளிக் காட்டில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஏணிக்கு ஓடி, கங்காணியிடம் வசவு வாங்கினாள். கடைசியில் வறுத்த மிளகாயோடு இடித்து, ஜாடியில் அமுக்கி, காய்ச்சி ஆறவைத்த தேங்காய் எண்ணெயை மேலே ஊற்றினாள்.

ஜாடி கட்டும் நாளில் அவள் தலை குளித்து, குங்குமம் வைத்து, தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கையை உள்ளே விட்டாள். வழக்கம் அப்படி. புருஷன் உயிரோடு இருக்கிறவள் கைபட்டால்தான் ஊறுகாய் நிற்கும். அறுதலி கை பட்டால் பூசணம் பூக்கும். இதை எந்தத் தேவன் எப்போது சொன்னான் என்று யாரும் கேட்டதில்லை. தோட்டத்தில் எல்லாப் பெண்களும் தாய்ப்பாலோடு குடித்த சங்கதி. செல்லம் அன்றைக்குத் தானாகவே எழுந்து வெளியே போய்க் குழாயடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"முண்டச்சி கண்ணு பட்டுச்சுன்னு நாளைக்கி என்னைச் சொல்ல வேணாம்" என்று குழாயிடம் சொன்னாள்.

"சொல்லாம இருந்தா சந்தோஷம்" என்று தாயம்மா ஜாடியிடம் சொன்னாள்.

அந்த மாதம் லயத்தில் இன்னொரு பயமும் இருந்தது. பகாவ் பக்கம் காட்டைத் திருத்திப் பயிர் வைக்க ஆள் வேண்டும் என்று உத்தரவு. ஆம்பளைகள் எல்லாம் சயாமுக்குப் போய்விட்டார்கள். இனி பொம்பளைகளை அனுப்பு, பன்னிரண்டு பேர் என்றான் ஜப்பான்காரன். பகாவுக்கு முன்னால் போனவர்கள் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு திரும்பினார்கள். சிலர் திரும்பவே இல்லை. சயாம் போனவர்களிடம், உங்கள் பெண்டாட்டிகளைத் தோட்டத்தைவிட்டு அனுப்ப மாட்டேன் என்று மண்டோர் கோயில் முன்னால் சத்தியம் செய்திருந்தார். அதனால் புருஷன் இல்லாதவர்களாகப் பார்த்துப் பதினொரு பேர் எழுதியாயிற்று. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் செல்லத்தை விட்டுவிட்டார்கள். ஒரு ஆள் குறைந்தது. போன மாதம் மூன்று பேர் ஒரே மாதிரிக் கனவு கண்டதை வைத்து, சயாம் போன புருஷன் செத்துவிட்டான் என்று லெட்சுமியின் தாலியை இறக்கினார்கள். அவள் பேர் பதினொன்றில் ஒன்று. யாருக்காவது அடுத்த கனவு வந்துவிடப் போகிறதே என்று சயாம்காரர்களின் பெண்டாட்டிகள் எல்லாரும் தூங்காமல் கிடந்தார்கள்.

பங்குனி உத்திரத்தன்று தோட்டத்து மாரியம்மன் கோயிலில் எல்லாரும் கூடினார்கள். அரிசி இல்லாத பொங்கல். மரவள்ளி மாவைக் கிளறி வைத்திருந்தார்கள். அவரவர் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவர வேண்டும்.

"தாயம்மா ஜாடியைக் கொண்டாந்து தெறக்கட்டும். தக்காளி ஊறுகா தின்னு எத்தனை காலமாச்சு" என்றாள் வள்ளிநாயகி. கேட்பதுபோல் இருந்தாலும் அது உத்தரவு.

தாயம்மா பெருமையோடுதான் கொண்டுவந்தாள். அதை ஏன் மறைக்க வேண்டும்? எல்லார் கையிலும் இலை இருந்தது. எல்லார் கண்ணும் ஜாடி மேல் இருந்தது. கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

உள்ளே வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. நாற்றம் எழுந்தது.

 முதலில் வள்ளிநாயகியின் கை தன் தாலிக்குப் போயிற்று. அதைப் பார்த்து மற்றப் பெண்களின் கைகளும் போயின. பிறகு ஒவ்வொருத்தியாக இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

"ஐயோ, அர்ச்சுனா" என்று யாரோ ஒருத்தி ஆரம்பித்தாள். அவ்வளவுதான். ஒப்பாரி கிளம்பிவிட்டது.

தாயம்மா ஜாடியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? தன் கையாலேயே போட்ட ஜாடி. தன் கையே சொல்லிவிட்டது. புருஷன் செத்துக் கிடக்கையில் குங்குமம் வைத்துக்கொண்டு தக்காளி கீறிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போல இருந்தது. கூட்டத்தில் ஓரமாக நின்ற செல்லம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தம்பிக்காக அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"மூணாம் நாள் காலையில கொழாயடியில தாலியை எறக்கிரலாம்" என்றாள் வள்ளிநாயகி. மண்டோர் நல்லசாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். அவருக்குப் பன்னிரண்டாவது பேர் கிடைத்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் தாயம்மா ஜாடியைத் தூக்கிக்கொண்டு சரிவுக்குப் போனாள். கொட்டிப் புதைத்துவிடுவதாக எண்ணம். சிரட்டையால் வழிக்க ஆரம்பித்தவள் கை நின்றது. பூசணம் ஜாடி முழுக்க இல்லை. ஒரு ஓரத்தில்தான் இருந்தது. மற்ற பக்கத்தில் எண்ணெய் தெளிவாக நின்றது. அதற்குக் கீழே ஊறுகாய் செக்கச்செவேல் என்று கிடந்தது. பூசணம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். குனிந்து பார்த்தாள். நாலு விரலை விட்டுக் கொத்தாக அள்ளிய பள்ளம். ஈரக் கை. தண்ணீர் இறங்கிய வழியெல்லாம் வெள்ளை.

நல்ல பக்கத்தில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். புளிப்பும் உறைப்பும் சுரீர் என்று ஏறின. முந்தின நாளிலிருந்து தண்ணீர்கூட இறங்காத தொண்டை அதை வாங்கிக்கொண்டது. அந்தச் சரிவில் தனியாக உட்கார்ந்து அவள் சிரித்தாள். அர்ச்சுனன் சாகவில்லை. செத்திருந்தாலும் அதைச் சொன்னது இந்த ஜாடி இல்லை. சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. அந்த அறையில் அவளை விட்டால் ஒரே ஒருத்திதான்.

ஜாடியை இடுக்கிக்கொண்டு பிள்ளைக் கொட்டகைக்குப் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். பிள்ளைகள் சாக்கில் வரிசையாகத் தூங்கின. செல்லம் வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"மதினி" என்றாள் தாயம்மா. பத்து மாதத்தில் சுவரிடம் இல்லாமல் ஆளிடம் பேசிய முதல் வார்த்தை அது. "ஜாடியில கைய விட்டது நீதானே?"

செல்லம் கையை உதறினாள். "ஆமா" என்றாள்.

மறுப்பாள் என்று நினைத்து வந்த தாயம்மா ஜாடியை ஓரமாகக் கீழே வைத்தாள்.

"பதினஞ்சு வருஷம்டி" என்றாள் செல்லம். "எம் புருஷன் செத்த அன்னிக்கி என்னை ஜாடிப் பக்கம் வராதேன்னாங்க. அன்னிலேர்ந்து யாராச்சும் எலையில வெச்சாத் திம்பேன். வெக்கலைன்னா இல்லை. நானா கைய விட்டு அள்ளித் தின்னதே கெடையாது. நீ வேலைக்குப் போயிட்டே. அறை பூரா அந்த வாசனை. பிள்ளைங்களைக் கழுவிவிட்டுட்டு வந்த கை. ஈரம்னுகூடத் தோணலை. அள்ளித் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அப்ப வந்து சொல்லு. வள்ளியக்காகிட்டே வந்து இதையே சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"என்னது?"

"சொன்னா பகாவுக்கு நான் போகணும். ஜாடியில கைவெச்சவகிட்டே எவ பிள்ளையை விடுவா? நான் அங்க ஒரு மாசம் தாங்க மாட்டேன். நீ எளையவ. தாங்குவே."

தாயம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நான் போறது கெடக்கட்டும். உன் தம்பி செத்துட்டான்னு ஊரே ஒப்பாரி வெக்கிது. கூடப் பொறந்தவ நீ அதைக் கேட்டுக்கிட்டு நின்னியே. உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

"செத்திருக்கவும் செய்யலாம்லா" என்றாள் செல்லம். சொல்லிவிட்டு, அழுத பிள்ளை ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றுகொண்டாள்.

தாயம்மா மழையோடு மழையாக மண்டோர் வீட்டுக்கு ஓடி, ஜாடியைக் காட்டி எல்லாவற்றையும் கொட்டினாள். வள்ளிநாயகி ஜாடியைத் தொடவே இல்லை. செல்லத்தைக் கூப்பிட்டுக் கேட்டாள். செல்லம் தலையை அசைத்தாள், இல்லை என்றாள்.

"பகாவுக்குப் போகப் பயந்துகிட்டு, தம்பியைப் பறிகொடுத்தவ மேலேயே பழி போடுறியேடி" என்றாள் வள்ளிநாயகி. "நீயெல்லாம் ஒரு பொம்பளையா? எந்திரிச்சுப் போ."

மூன்றாம் நாள் காலையில் குழாயடியில் பெண்கள் கூடிவிட்டார்கள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அவசரம். வேலைக்கு நேரமானால் ஜப்பான்காரன் அறைவான். தாலி இறக்குவதற்கெல்லாம் அவன் லீவு தருவதில்லை. தாயம்மாவை மஞ்சள் பூசிக் குளிக்கவைத்து, கடைசியாகப் பூ வைத்து, பலகையில் உட்காரவைத்தார்கள். அவள் திமிறவில்லை. பேசிப் பார்த்தாயிற்று, நேற்று நாலு வீட்டு வாசலில் நின்று கத்தியாயிற்று. கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தாலியை இறக்குவது யார் என்பதற்கும் வழக்கம் இருந்தது. தாலி அறுத்தவள்தான் செய்ய வேண்டும். புருஷனின் கூடப்பிறந்தவளாக இருந்தால் அவளுக்குத்தான் உரிமை. வள்ளிநாயகி திரும்பிப் பார்த்தாள். "செல்லம், வா."

செல்லம் வந்தாள். குனிந்தாள். அவள் விரல் தாயம்மாவின் கழுத்தில் பட்டது. சில்லென்று இருந்தது. தாலிக் கயிற்றின் முடிச்சைத் தேடிப் பிடித்தாள்.

தாயம்மா அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்தாள்.

"அறு. நான் வேணாங்கலே" என்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். "ஆனா மொதல்ல உன் வாயால சொல்லு. என் தம்பி அர்ச்சுனன் செத்துட்டான்னு சொல்லு. நீ தூக்கி வளத்த தம்பி. ஊரு சொன்னதெல்லாம் போதும். நீ சொல்லிட்டு அறு."

"சொல்லிரு செல்லம், நேரமாகுது" என்றாள் வள்ளிநாயகி.

செல்லம் வாயைத் திறந்தாள். "என் தம்பி" என்றாள். நின்றாள். மறுபடியும், "என் தம்பி அர்ச்சுனன்" என்றாள்.  அம்மா இல்லாத வீட்டில், தனக்கு ஆறு வயசில் அவள் இடுப்பில் தூக்கிய பிள்ளை. விறகு அடுக்குக்குப் பின்னால், அக்கா கஞ்சி கொண்டுவருவாள் என்று பசியோடு உட்கார்ந்திருந்த பிள்ளை. அந்தப் பெயருக்குப் பின்னால் அந்த வார்த்தையை வைக்க அவளுக்கு வாய் வரவில்லை.

முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என் தம்பி உசுரோட இருக்கான்" என்று கத்தினாள். "ஜாடியில கைய விட்டது நான். நான்தான் அள்ளித் தின்னேன். இந்தக் கைதான். பூசணம் எனக்குப் பூத்தது, அவனுக்கு இல்லை!"

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். வழக்கம் பொய்யாகவில்லையே! அறுதலி கை பட்டது, பூசணம் பூத்தது. கணக்கு நேராகிவிட்டதில் அவர்களுக்கு ஒரே ஆசுவாசம். நேற்று வரைக்கும் அர்ச்சுனனுக்காக மாரடித்தவர்கள் இன்றைக்குச் செல்லத்தின் மயிரைப் பிடித்தார்கள். திருட்டு முண்டை, கூடப்பிறந்தவனுக்கே எமன், இனி எங்கள் பிள்ளையைத் தொட்டால் கையை ஒடிப்போம் என்றார்கள். வள்ளிநாயகி தன் கையாலேயே தாயம்மாவுக்கு மறுபடியும் குங்குமம் வைத்தாள். தாயம்மா அதை அங்கேயே துடைத்தெறிந்தாள்.

பெரட்டுக்கு மணி அடித்தபோது பன்னிரண்டாவது பேர் மாறியிருந்தது.

லாரி வர எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் சாக்கு அப்படியேதான் தொங்கியது. அவர்கள் இரண்டு பேரும் இப்போது சுவரிடம்கூடப் பேசவில்லை. கடைசிப் பறிப்புத் தக்காளி கொஞ்சம் தகரக் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது. உப்புத் தகரத்தின் அடியைச் சுரண்டி, அர்ச்சுனன் வந்தால் தின்னட்டும் என்று அந்தத் தக்காளியை ஒரு சின்னக் கலயத்தில் இடித்து அமுக்கி, எண்ணெய் ஊற்றி வைத்தாள் தாயம்மா. தாலி பிழைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. செல்லத்தின் மேல் இருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அதைவிடப் பெரிய கோபம் ஒன்று லயத்தின் மேல் வந்திருந்தது. காலையில் குழாயடியில் அவளைப் பார்த்து, உன் ஊறுகாய் நன்றாக வந்திருக்கிறதாமே என்று சிரிக்கிறவர்களைப் பார்த்தால் கொள்ளிக்கட்டையை எடுத்து வீசலாம் போல இருந்தது. இந்தக் கலயம் கெட்டுப்போனால் அடுத்த வாரமே மறுபடியும் பலகை போடுவார்கள். அது அவளுக்குத் தெரியும்.

கரி போட்டு ஓட்டுகிற லாரி ஒன்று பெரட்டுக் களத்தில் புகை கக்கிக்கொண்டு நின்றது. பதினொரு பெண்கள் ஏறிவிட்டார்கள். லெட்சுமி ஓரத்தில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியாகச் செல்லம் மூட்டையோடு வந்தாள். களத்தில் லயமே நின்றது. மண்டோர், வள்ளிநாயகி, எல்லாரும்.

தாயம்மா கலயத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி முன்னால் வந்தாள்.

செல்லம் அவளைப் பார்த்தாள். "உனக்காகச் சொன்னேன்னு நெனச்சுக்காதே" என்றாள். "என் தம்பிக்காகச் சொன்னேன்."

"தெரியும். நானும் உன்னை மன்னிச்சிரலே" என்றாள் தாயம்மா. துணியை அவிழ்த்துக் கலயத்தை நீட்டினாள். "கைய விடு."

 "அடியே தாயம்மா, கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?" என்று வள்ளிநாயகி பதறினாள்.

செல்லம் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வேணாம்டி. இது அவனுக்கு வெச்சது. கெட்டுப்போயிரும்."

"கெடட்டும். கெட்டா ஊறுகாதான் கெடும்."

லாரிக்காரன் கத்தினான். செல்லம் மறைத்த கையை முன்னால் எடுத்தாள். பிறகு மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டு அள்ளி, ஊர் பார்க்க வாயில் போட்டுக்கொண்டாள்.